நிழல் பார்த்து விரிக்கும் ஜமக்காளம்

பெருநகரங்களில் இப்போது பிக்னிக்கையே வாடகைக்கு எடுக்கலாம். கடற்கரையிலோ பண்ணை வீட்டுப் புல்வெளியிலோ குட்டையான மரமேசை ஒன்று, அதைச் சுற்றி வெளிர் நிறத் திண்டுகள், உலர்ந்த நாணல் பூங்கொத்து, சரம் சரமாக மின்விளக்குகள் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பிவிட்டு, சில மணி நேரம் கழித்து அவர்களே சுருட்டி எடுத்துக்கொண்டும் போய்விடுகிறார்கள். படங்கள் மிக அழகாக வருகின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் படங்களில் அறுபது வயதைக் கடந்த ஒருவரைக் காண்பது அரிது. கைக்குழந்தையோ, மூட்டு வலிக்காரரோ, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்கும் மாமாவோ அவற்றில் இருப்பதில்லை. எங்கள் வீட்டுப் பிக்னிக் என்றால் இவர்கள் எல்லாரும்தான் வருகிறார்கள். ஆகவே இந்தப் பதினைந்து பேரும் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை சௌகரியமாக இருக்கும்படியும், பார்க்கவும் அழகாக இருக்கும்படியும் ஒரு நாளை அமைப்பது எப்படி என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

வெளியிடத்தில் அழகைத் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எதை முதலில் முடிவு செய்கிறோம், எதை அடுத்துச் செய்கிறோம் என்ற வரிசை சரியாக அமைந்துவிட்டால் அழகில் முக்கால் பங்கு தானாகவே வந்துவிடும். சிலப்பதிகாரத்தில், கோவலனும் மாதவியும் இந்திர விழா முடிந்து புகார்க் கடற்கரைக்குப் போகும் பகுதியில் இந்த வரிசையைப் பார்க்கலாம். அவன் கோவேறு கழுதை ஏறிப் போகிறான், அவள் வண்டியில் போகிறாள். போன இடத்தில் முதலில் சொல்லப்படுவது புன்னை மரத்து நிழல். அடுத்தது புதுமணல் பரப்பு. அதன் பிறகே சித்திரத் திரை, மேற்கட்டி, வெண்ணிறக் கால்களையுடைய கட்டில் ஆகியவை வருகின்றன. நிழல், தரை, மறைப்பு, இருக்கை என்ற அந்த ஏற்பாட்டில் நான் மாற்ற விரும்பும் ஒன்றும் இல்லை. இன்று பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திண்டையும் விளக்கையும் முதலில் வாங்கிவிட்டு, பிறகு உச்சி வெயிலில் நின்றுகொண்டு இடம் தேடுகிறார்கள்.

நாங்கள் திருச்சிக்காரர்கள் என்பதால் எங்களுக்கு ஆற்றங்கரைதான் முதலில் நினைவுக்கு வரும். மேற்கே கரூர் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர் போனால் முக்கொம்பு வந்துவிடும். ஒன்றாக வரும் காவிரி அங்கேதான் கொள்ளிடமாகவும் காவிரியாகவும் பிரிந்து, ஸ்ரீரங்கத்தை நடுவில் விட்டு ஓடுகிறது. 1836-இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கட்டப்பட்ட மேலணையும், அதையொட்டிய பூங்காவும், பெரிய மரங்களும் அங்கே இருக்கின்றன. கிழக்கே போனால் கல்லணை. சற்றுத் தொலைவு போகத் தயாராக இருந்தால் கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலையில் பாறைகளுக்கிடையே ஓடும் ஓடை கிடைக்கும். கல்லணையைப் பார்க்க வேண்டியது அவசியம்தான். ஆனால் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்க நான் முக்கொம்பையே தேர்ந்தெடுப்பேன். புளியஞ்சோலை இளைஞர்களுக்கு ஏற்ற இடம். வழுக்கும் பாறைகளில் முதியவர்களைக் கைப்பிடித்து நடத்திச் செல்வதிலேயே பாதி நாள் போய்விடும். ஊட்டி, கொடைக்கானல் என்று மலைக்குப் போக நினைப்பவர்கள், 2024 மே மாதம் முதல் அங்கே செல்ல இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்ததை மறந்துவிடக் கூடாது. கிளம்புவதற்கு முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நாளைப் பொறுத்தவரை, தை மாதத்துக்கு இணையாக எதையும் நான் சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறந்திருக்கும் காலம் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை என்பதால், தையின் முதல் பாதியில் ஆற்றிலும் தண்ணீர் ஓடும். ஆனால் காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். ஊரே ஆற்றங்கரைக்கு வரும் நாள் அது. அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு கொண்டாட்டம் உண்டு, அதை அனுபவிக்கப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஜமக்காளம் விரிக்க ஓரிடம் பிடித்து, அங்கேயே நிம்மதியாக இருக்க நினைப்பவர்கள் அதற்கு அடுத்த வாரத்தைப் பார்ப்பதே நலம். ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு கரைக்குப் போவது நம் மரபு என்றாலும், அந்த மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று திருச்சி வரையில் வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் பாக்குமட்டைத் தட்டின் கதி என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். பூஜை, காதோலை கருகமணி, கலந்த சோறு என்று இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பும் நாளாக அதை வைத்துக்கொள்ளலாம்.

இடமும் நாளும் முடிவான பிறகு, நிழல். மரத்தடி என்று சொல்லிவிட்டால் போதாது, எந்த மரம் என்பதும் அந்த மரத்தின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். தென்னை மரத்தடியில் யாரும் உட்கார மாட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனாலும் ஆற்றங்கரைகளில் அப்படி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கத்தான் செய்கிறோம். மாமரத்தின் நிழல் அடர்த்தியாகத்தான் இருக்கும், இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு அதில் குடியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார வேண்டும். ஆலும் அரசும் பழுத்திருக்கும் காலத்தில் அவற்றின் அடியில் விரித்தால், பறவைகள் நாள் முழுவதும் நம் தலைக்கு மேல் விருந்து நடத்தும், அதன் மிச்சம் நம் இலையில் விழும். வேம்பு, மருது, தூங்குமூஞ்சி ஆகிய மூன்றில் எது கிடைத்தாலும் நான் மகிழ்ச்சியுடன் ஏற்பேன். தூங்குமூஞ்சி மரம் குடைபோல் விரிந்திருப்பதால் ஒரு பெரிய குடும்பமே அதன் கீழ் அடங்கிவிடும். எந்த மரமானாலும் கிளைகளில் தேன்கூடோ குளவிக்கூடோ தொங்குகிறதா என்பதைப் பார்த்த பிறகே சாமான்களை இறக்க வேண்டும்.

இனி, எந்தப் பக்கம் என்ற கேள்வி. தை மாதத்தில் சூரியன் உச்சிப் பொழுதிலும் நம் தலைக்கு நேர் மேலே வருவதில்லை, தெற்கே சாய்ந்துதான் நிற்கிறது. அதனால் நிழல் மரத்தின் நேர் அடியில் விழாமல் வடக்கே தள்ளி விழும். காலை பத்து மணிக்கு வடமேற்கில் இருக்கும் நிழல் பகல் ஒரு மணிக்கு வடக்கே வந்து, மூன்று மணிக்கு வடகிழக்கில் நிற்கும். காலையில் நிழல் இருக்கும் இடத்தைப் பார்த்து விரிப்பவர்கள், சரியாகச் சோறு பரிமாறும் நேரத்தில் வெயிலில் மாட்டிக்கொள்வது இதனால்தான். மரத்துக்கு நேர் வடக்கே, காலையில் சற்று வெயில் படும் இடமாகவே பார்த்து விரித்தால், பனி ஈரத்தில் அந்த இளவெயில் இதமாக இருக்கும், சாப்பாட்டு நேரத்தில் நிழல் தானாக வந்து மூடும். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் நம் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடும் என்பதால், அப்போது இந்தக் கணக்கு பொருந்தாது, அடிமரத்தை ஒட்டியே இடம் பார்க்க வேண்டும்.

தரையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஆற்றங்கரைப் புல்லில் காலை ஒன்பது மணி வரை பனி இருக்கும், மேலே காய்ந்ததுபோல் தெரியும் மணலும் உள்ளே ஈரமாக இருக்கும். அதனால் முதலில் தார்ப்பாய், அதன்மேல் கோரைப்பாய், அதற்கும் மேலே ஜமக்காளம் என்று மூன்று அடுக்காக விரிப்பதே சரி. தார்ப்பாய் ஈரத்தைத் தடுக்கும், கோரைப்பாய் கல்லும் குச்சியும் உறுத்தாமல் பார்த்துக்கொள்ளும், ஜமக்காளம் உடலுக்கு இதமாக இருக்கும். இந்த வேலைக்கு முசிறிப் பக்கத்தில் நெய்யும் சாதாரணக் கோரைப்பாயே போதும், பட்டுப்போல் மெல்லிய பத்தமடைப் பாயைக் கொண்டுவந்து மணலில் தேய்ப்பது பாவம். ஜமக்காளம் என்றால் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளமே என் தேர்வு. கனமாக இருப்பதால் காற்றுக்கு எழாது, வண்ணப் பட்டைகள் அழுக்கை எளிதில் காட்டிக்கொடுக்காது. விரிப்பதற்கு முன் தரையைக் காலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட வேண்டும். நெருஞ்சி படர்ந்திருந்தால் அந்த இடமே வேண்டாம். அந்த முள் ஜமக்காளத்தின் நெசவுக்குள் ஏறிவிட்டால் வீட்டுக்கு வந்து ஊசியும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருக்கும், ஒன்றிரண்டாவது தப்பி அடுத்த ஆண்டு யாருடைய தொடையிலாவது ஏறும்.

இவ்வளவும் தரையில் உட்காரக் கூடியவர்களுக்கு. என் மாமியாரிடம் பிக்னிக் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே இருக்கையைப் பற்றியதுதான். "கீழே உட்கார்ந்துடுவேன்மா, எழுந்திரிக்கத்தான் ரெண்டு ஆள் வேணும்" என்றார். "நாற்காலி கொண்டு வர்றோம் அத்தை" என்று சொன்ன பிறகுதான் வருவதற்கே சம்மதித்தார். முதியவர் ஒருவருக்கு ஒரு நாற்காலி வீதம் கட்டாயம் வேண்டும், அதுவும் கைப்பிடி உள்ளதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் எழுவது கையை ஊன்றித்தான். மணலிலும் ஈர மண்ணிலும் நாற்காலிக் கால் புதைந்து ஒரு பக்கமாகச் சாயும் என்பதால், நான்கு கால்களுக்கும் அடியில் தட்டையான பலகைத் துண்டுகள் வைப்பது அவசியம். நாற்காலிகளைத் தனியாக ஓரத்தில் போடுவது நாம் எல்லாரும் செய்யும் தவறு. அப்படிப் போட்டால் பெரியவர்கள் காவல்காரர்கள்போல் ஆகிவிடுகிறார்கள். ஜமக்காளத்தின் விளிம்பை ஒட்டி உள்முகமாகப் போட்டு, அவர்கள் பக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைத்தால்தான் பேச்சு ஒன்றாக நடக்கும். தரையில் இருப்பவர்களுக்கு முதுகுச் சாய்மானமாக இலவம்பஞ்சுத் தலையணைகளும் ஒன்றிரண்டு உருட்டுத் திண்டுகளும் போதும். அவற்றுக்குப் பழைய சுங்குடிப் புடவையில் உறை தைத்துப் போட்டால், வாடகைக் கடைக்காரர் கொண்டுவரும் எந்தத் திண்டுக்கும் அது குறைந்ததாக இருக்காது. வாடகைக்காரர்களிடம் நான் ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்றும் உண்டு. அவர்களுடைய குட்டை மேசை நல்ல யோசனை. வீட்டில் இரண்டு மணைப்பலகைகளோ ஒரு நீளப் பலகையோ இருந்தால், நான்கு செங்கல்லின் மேல் அதை வைத்துக்கொள்ளலாம். பாத்திரங்கள் மணல் படாமல் நிற்கும், பரிமாறுபவர் ஒவ்வொன்றுக்கும் தரைவரை குனிய வேண்டியதில்லை.

கழிப்பறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் பெண்கள் அனைவரும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அதுதான். பயணத்தின் முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் எத்தனை வீட்டுப் பெண்களிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இடம் பார்க்கப் போகிறவர், அது ஆணாகவே இருந்தாலும், கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்ற நான்கையும் பார்த்துவிட்டு வர வேண்டும். சரியான கழிப்பறை இல்லாத அழகான இடத்தைவிட, அது இருக்கும் சுமாரான இடமே மேல் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குடிக்கும் தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று கணக்கிட்டு, கை கழுவவும் பாத்திரம் அலசவும் தனியாக ஒரு 20 லிட்டர் கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேனைப் பலகையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, குழாய் பொருத்திய மூடி போட்டு, கீழே ஒரு வாளி, பக்கத்தில் சோப்பு, கிளையில் ஒரு துண்டு என்று வைத்துவிட்டால், "கை எங்கே கழுவுறது?" என்ற கேள்வியே எழாது. செலவே இல்லாத இந்தச் சிறிய ஏற்பாடுதான் அந்த இடத்துக்கு ஒரு வீட்டுக் களையைக் கொடுக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது சோற்றுக்கு வருவோம். காலை ஆறு மணிக்குக் கட்டி, பகல் ஒரு மணிக்குப் பிரிக்கும் சோறு கெடாமலும் இருக்க வேண்டும், ருசி கூடியும் இருக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பி, வெதுவெதுப்பாக மூடிவைத்த சோற்றில் முளைத்துப் பெருகும். கட்டுச்சோறு என்றதும் நம் பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு புளியோதரையையும் தயிர்ச்சோற்றையும் சொன்னதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. இரண்டிலும் புளிப்பு இருக்கிறது, அந்தப் புளிப்பில் இத்தகைய கிருமிகள் எளிதில் வளர்வதில்லை. தேங்காய்ச் சோறு, தேங்காய்ச் சட்னி, பருப்பு சாதம் போன்றவற்றுக்கு அந்தக் காப்பு கிடையாது. அவை வீட்டுக்குள் எவ்வளவு ருசியாக இருந்தாலும் வெளியே எடுத்துப்போக ஏற்றவை அல்ல.

புளிக்காய்ச்சலை முந்தைய நாளே நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை காய்ச்சி வைத்துவிடலாம். அதிகாலையில் சோற்றை விறைப்பாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் தூவி, பருக்கை உடையாமல் பரப்பி ஆறவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே புளிக்காய்ச்சலைச் சேர்த்துப் பிசைய வேண்டும், முழுவதும் ஆறிய பிறகே பாத்திரத்தில் அடைக்க வேண்டும். அவசரத்தில் சூட்டோடு மூடினால், மூடியின் உட்புறம் ஆவி படிந்து, அது சொட்டுச் சொட்டாகச் சோற்றின் மேலேயே இறங்கும். எண்ணெயும் புளியும் சேர்ந்து கொடுத்த காப்பு அந்த ஈரத்தில்தான் போய்விடுகிறது. வறுத்த வேர்க்கடலையைப் பிசையும்போது சேர்க்காமல் தனிப் பொட்டலமாக எடுத்துப்போய்ப் பரிமாறும்போது தூவினால் மொறுமொறுப்பு குறையாது. தயிர்ச்சோற்றுக்குத் தயிரை நிறைய ஊற்றிக்கொண்டு போனால் ஒரு மணிக்குள் பல்லைக் கூசவைக்கும் அளவுக்குப் புளித்துவிடும். குழைய வடித்த சோற்றை மசித்து, காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, இரண்டு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக் கலந்தால், வழியிலேயே அது தோய்ந்து, சாப்பிடும் நேரத்தில் பக்குவமாக இருக்கும். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயத் தாளிப்பைக் காலையிலேயே சேர்த்துவிடலாம். மாதுளை முத்தும் வெள்ளரித் துண்டும் அங்கே போய்ச் சேர்க்க வேண்டியவை.

அளவு சொல்வதென்றால், கலந்த சோறு மட்டுமே சாப்பாடு என்ற நிலையில் பெரியவர் ஒருவருக்கு 100 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்ளலாம். பதினைந்து பேருக்கு ஒன்றரைக் கிலோ. அதில் பாதி புளியோதரைக்கும், மீதிப் பாதியில் பெரும்பகுதி தயிர்ச்சோற்றுக்கும், கொஞ்சம் எலுமிச்சைச் சோற்றுக்கும் என்று பிரித்தால் பெரும்பாலும் மிச்சமாகாது. தொட்டுக்கொள்ள, நீர் சுண்ட வதக்கிய உருளைக்கிழங்குக் காரக்கறி, பருப்புத் துவையல், மோர்மிளகாய் ஆகியவை போதும். வடகமும் அப்பளமும் காலையில் பொரித்து, காற்றுப் புகாத டின்னில் போட்டால் மாலை வரை நமுத்துப் போகாது. காலைச் சிற்றுண்டிக்கு, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரு பக்கமும் தடவிய இட்லியை அனலில் வாட்டிய வாழை இலையில் நான்கு நான்காகப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், அவரவர் பொட்டலம் அவரவர் கையில். அசைவம் இல்லாமல் பிக்னிக் இல்லை என்று சொல்பவர்கள் பிரியாணியைச் சூட்டோடு நல்ல ஹாட்பாக்ஸில் அடைத்து, பரிமாறும்போது ஒரே ஒருமுறை திறந்து, அப்போதே முடித்துவிட வேண்டும். திறந்து ருசி பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தால் அந்தச் சூடு நிற்காது.

காபிக்கு இரண்டு பிளாஸ்க் வேண்டும். ஒன்றில் டிகாக்‌ஷன், மற்றொன்றில் சர்க்கரை போடாமல் காய்ச்சிய பால். இரண்டையும் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு நிரப்பினால் சூடும் நிற்கும், பாலும் திரியாது. கலந்த காபியைப் பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப்போனால், நான்கு மணிக்கு அதை யாரும் மனமார வாங்கிக் குடிப்பதில்லை. டபரா டம்ளரில் நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கும் அந்தக் காபிக்காகவே என் நாத்தனார் பெங்களூரிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொள்வார்.

பரிமாறும் முறையில்தான் அழகும் வசதியும் நேருக்கு நேர் மோதும். தலைவாழை இலை எல்லாவற்றையும்விட அழகு. ஆனால் காற்றடிக்கும் இடத்தில் தரையில் போட்ட இலை சுருண்டு எழும், நாற்காலியில் இருப்பவர் அதை மடியில் வைத்துக்கொள்ளவும் முடியாது. பலகை இருக்கும் இடத்தில் வாழை இலை, மடியில் வைத்துச் சாப்பிடுபவர்களுக்குப் பாக்குமட்டைத் தட்டு என்று இரண்டும் கொண்டுபோவதே நல்லது. மந்தாரை இலைத் தையல் தட்டு கிடைத்தால் இன்னும் விசேஷம், சூடான சோற்றில் அதன் வாசம் மெல்ல ஏறும். வாழை இலைகளை ஈர வேட்டித் துணியில் நீளவாக்கில் சுருட்டிக் கொண்டுபோனால் கிழியாமல் பச்சையாக இருக்கும். நிறங்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரே ஒரு விதிதான். ஜமக்காளம் ஏற்கெனவே சிவப்பும் பச்சையும் நீலமுமாக இருக்கிறது, அதனால் மற்றவை அடக்கமாக இருக்கட்டும். பலகையின் மேல் வெளுத்த வெள்ளை வேட்டி, அதன்மேல் பித்தளைத் தூக்கும் எவர்சில்வர் சம்படங்களும், ஒரு செம்பில் கொஞ்சம் செவ்வந்தி. இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். வெயிலில் மினுங்கும் பித்தளையையும் பச்சை இலையையும் தாண்டி வேறு அலங்காரம் தேடுவது வீண் வேலை. பிள்ளைகள் ஆசைப்பட்டால் மரத்தில் வண்ணக் காகிதத் தோரணம் கட்டிக்கொள்ளட்டும், கிளம்பும்போது அவர்களே அவிழ்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அளவோடு கட்டுவார்கள். படம் எடுப்பதென்றால் காலை ஒன்பது மணிக்குள்ளோ மாலை நான்கு மணிக்கு மேலோ எடுத்துவிடலாம். உச்சி வெயிலில் முகத்தில் இலை நிழல் திட்டுத் திட்டாக விழும், அந்த நேரத்தை உண்பதற்கும் உறங்குவதற்கும் விட்டுவிடுவது நியாயம்.

குரங்குகள் இருக்கும் இடமானால் சாமான் கட்டும் முறையே மாறும். கையில் பை தொங்கினால் அது தின்பண்டம் என்று அவற்றுக்குத் தெரியும். பழத்தை வெளியே வைக்காமல், மூடி இறுகப் பூட்டும் டின்களில் எல்லாவற்றையும் அடைத்து, ஒருவர் எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு வாழைப்பழத்தை இரக்கப்பட்டுப் போட்டால் அடுத்த நிமிடம் முழுக் கூட்டமும் வந்து நிற்கும்.

பொழுதுபோக்குக்கு நிறையத் திட்டமிட வேண்டியதில்லை. தாயக்கட்டை, பல்லாங்குழி, ஒரு சீட்டுக்கட்டு, பிள்ளைகளுக்கு ஒரு பந்து போதும். மணலில் நொண்டிக்கோடு கிழிக்க ஒரு குச்சி அங்கேயே கிடைக்கும். ஒலிபெருக்கி வேண்டாம் என்று என் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து மரத்தடியில் இருப்பவரும் காசு செலவழித்துத்தான் வந்திருக்கிறார். ஆனால் ஒன்றில் மட்டும் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் தகும், அது தண்ணீர். கரையிலிருந்து பார்த்தால் முழங்கால் அளவுதான் என்று தோன்றும் காவிரியில், மணல் அரித்த பள்ளங்கள் இரண்டு ஆள் ஆழத்துக்கு இருக்கும், அணை அருகே ஓட்டத்தின் வேகம் மேற்பரப்பில் தெரியாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இதே மேலணையில் கொள்ளிடத்துப் பக்கத்தின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டு, பிறகு புதிய கதவணை கட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அந்த நீரின் வலு விளங்கும். குளிக்கத் தடை என்று பலகை இருக்கும் இடத்தில் கால்கூட நனைக்காமல் இருப்பது நல்லது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள "எல்லாரும் இருக்கோமே" என்று விட்டுவிடக் கூடாது. மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வைத்து, அந்த ஒரு மணி நேரம் அவர் கையில் கைபேசி இல்லாமல் பார்த்துக்கொண்டால்தான் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

திரும்பும் வேலையை நான்கரை மணிக்கே தொடங்கிவிட வேண்டும். தை மாதத்தில் ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும், இருட்டத் தொடங்கியதும் கொசு வரும், தேடிய கரண்டியும் கிடைக்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல், மேசை விரிப்பு, கைப்பை முதலியவற்றுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுக்கும் இது பொருந்தும். மேலே சொன்னபடி இலையும் மட்டையும் எவர்சில்வருமாகக் கொண்டுபோனவர்களுக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை, குப்பையாக மிஞ்சுவது எச்சில் இலைகள் மட்டும்தான். அவற்றையும் ஆற்றில் வீசாமல் ஒரு கோணிப்பையில் கட்டி, அங்கே தொட்டி இருந்தால் அதிலும் இல்லையென்றால் நம் தெருவுக்குக் கொண்டுவந்தும் போடலாம். ஜமக்காளத்தை இரண்டு பேர் இரு முனையில் பிடித்துக் காற்று அடிக்கும் திசை பார்த்து உதறி, மடிக்காமல் சுருட்டி வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். மணல் அப்போதும் கொஞ்சம் இருக்கும், மறுநாள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டு வெயில் காயவிட்டு, பிரம்பால் நான்கு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும்.